கேட்பவளின் ஸ்டூல்

‘மணல்… மணல் போயிடுச்சான்னுதானே கேட்டார்? அது எங்க ரெண்டு பேர் வார்த்தை ஆச்சே. இந்த நேரத்துல அதை எவகிட்ட கேட்கிறார்?’

கேட்டின் கொண்டியில் கை வைத்தபடியே அண்ணி நின்றுவிட்டாள். திறக்கவில்லை. அது கிறீச்சிடும். கிறீச்சிட்டால் உள்ளே பேச்சு நின்றுவிடும்.

மணி பதினொன்றரை இருக்கும். இரண்டாவது ஷிப்ட் விட்டு வருகிற கம்பெனி வண்டி பெரிய சாலையோடு இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடு வரை ஒரே நீட்டாக ஒரு தனிச் சாலை. ஒரு பக்கம் கிடங்குகளின் மதில், மறு பக்கம் கால்வாய். விளக்குக் கம்பங்கள் வரிசையாக உண்டு. எரிவது ஒன்றே ஒன்று… அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எரியும். ஆள் கிடையாது. நாய்கூடக் கிடையாது. கால்வாய்த் தண்ணீரின் புளித்த வாடை மட்டும் கூடவே வரும்.

இதை எங்களுக்குச் சொன்னவள் அந்த அண்ணியின் நாத்தனார். மழை இரவு. விடுதியில் மின்சாரம் போய், ஐந்தாறு பேர் ஒரே கட்டிலில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். “சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது” என்றாள். நாங்கள் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

பின்பக்க அறையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. கிட்டாரில் ஒரே ஒரு தந்தியை யாரோ தட்டினார்கள். அது ஸ்பீக்கரில் பெரிதாகி, நீண்டு, தேய்ந்து… அது அடங்கியதும் அண்ணனின் குரல்.

“இப்ப?”

அமைதி.

“மணல் போயிடுச்சா?”

அமைதி.

“சரி சரி. குறைக்கிறேன்.”

பதில் வந்திருக்கிறது. பதில் வராமல் எந்த மனிதனும் ‘சரி சரி’ என்று சொல்ல மாட்டான். ஆனால் அந்தப் பதில் அண்ணிக்குக் கேட்கவில்லை. அங்கே பதிலே இல்லையா, இல்லை தன் காதுக்கு எட்டாத பதிலா… அதுதான் அவளைப் போட்டு வாட்டியது.

ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணனுக்குப் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் ஆம்ப்ளிஃபயர். கடையில் அடுக்கி வைத்து விற்கிற ரகமல்ல. பழைய ரேடியோக்களில் செந்தணலாக எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகளைப் போட்டு, ஒவ்வொரு கம்பியாகத் தானே பற்றவைத்துச் செய்கிற கிட்டார் ஆம்ப்ளிஃபயர். தெருவில் அவருக்குப் பெயரே ‘வால்வு’ என்று ஆகிவிட்டது. செய்து முடிப்பது பெரிய வேலை இல்லையாம். அதற்கு அப்புறம்தான் வேலையே. இந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றி அந்தக் கெப்பாசிட்டரை மாட்டி, ஒரு பொட்டு கூர்மை குறைத்து, ஒரு பொட்டு கனம் கூட்டி, நாதத்தைச் சரிக்கட்டுவது. வாரக்கணக்கில் போகும்.

அதைச் செய்ய அவருக்கு ஒரு காது தேவைப்பட்டது. வயசுக் காலத்தில் ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ்காரனின் தாளத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று வாசித்து, உச்ச சத்தங்கள் அவர் காதிலிருந்து போய்விட்டன. “எனக்கு மேல்மாடி காலி. இவதான் என் மேல்மாடி” என்று அண்ணியைக் காட்டி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். “உனக்கு மேல்மாடி காலின்னு எங்களுக்கு எப்பவோ தெரியும் வால்வு” என்று அவர்களும் பதிலுக்குச் சொல்வார்கள்.

அவர்கள் இருவரும் சேர்ந்ததே அப்படித்தான். ஏதோ ஒரு சின்னக் கச்சேரியில், பின் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் தோழியிடம், “சத்தத்துல மணல் கலந்த மாதிரி இல்ல?” என்றாள். முன் வரிசையிலிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். மேடையிலிருந்த ஆம்ப்ளிஃபயர் அவர் செய்தது. அன்றிரவு பிரித்துப் பார்த்தால், ஒரு இணைப்பு சரியாகப் பற்றாமல் இருந்தது.

அப்புறம் வீட்டிலேயே ஒரு அகராதி உண்டாகிவிட்டது. சொரசொரத்தால் மணல். குத்தினால் கண்ணாடி. அமுங்கினால் ஈரத்துணி. மூன்றும் இல்லாமல் நாதம் தெளிந்து நின்றால், அண்ணி கண்ணைத் திறந்து, “போதும்” என்பாள். அந்த ஒரு ‘போதும்’தான் அவர்கள் வீட்டில் கொஞ்சல். அந்தச் சொல் விழுந்ததும் அண்ணனின் கை தானாகப் பின்வாங்கும்.

கை என்றதும் இன்னொன்று. இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பெட்டியைத் திறந்துவைத்து மின்சாரம் ஓடும்போது கை வைத்தால், வலது கை மட்டும்தான் உள்ளே போக வேண்டும். இடது கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். அணைத்துவிட்டு மாற்றலாமே என்றால், அண்ணன் கேட்க மாட்டார். “அணைச்சுப் போட்டு ஆரம்பிச்சா, முன்னாடி கேட்டது காதுல நிக்காது” என்பார். அதனால் ஓடும்போதே ஒரு கிளிப்பில் மாட்டி மாட்டிப் பார்ப்பார். அண்ணி அவருடைய வேலைக் கால்சட்டைகளில் எல்லாம் இடது பாக்கெட்டை மட்டும் ஆழமாகப் பிரித்துத் தைத்திருந்தாள். பாக்கெட்டின் வாயில் ஒரு பொத்தானும் உண்டு. கையை உள்ளே விட்டு மணிக்கட்டோடு பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம். சட்டென்று வெளியே வராது.

இவ்வளவும் சரி. ஆனால் அண்ணி ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தாள்.

துணி கம்பெனியில் அவளுக்குச் சோதனை மேசை. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் தையல் இயந்திரங்கள். அந்த இரைச்சல் அவள் காதின் மேல்மாடியையும் தின்றுவிட்டது. கைக்கடிகாரத்தின் பீப் ஒரு நாள் கேட்காமல் போனது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மாற்றிக்கொண்டாள். புதுப் பேட்டரியிலும் கேட்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வழக்கம்போல் சுவரோர மடக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை முழுக்க மூடாமல், இமை இடுக்கு வழியாக அண்ணனின் முதுகைப் பார்க்கத் தொடங்கினாள். சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டால் வலது தோள் லேசாக இறங்கும். தோள் இறங்கியதும், “போதும்” என்றாள். மேல்மாடி இல்லாத இரண்டு பேர் சேர்ந்து நாதம் சரிபார்த்தார்கள். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, “வால்வு, கண்ணாடி மாதிரி குத்துதுப்பா” என்றார்கள். கண்ணாடி! அவளுடைய வார்த்தை. அதை அவள் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் கெப்பாசிட்டரைத் திட்டினார். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டூல் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு ரேடியோ மெக்கானிக் இறந்துபோய், அவருடைய சாமான்களை மகள் விற்றாள். அண்ணன் ஒரு பெட்டி வால்வுகளும், கையால் சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினார். வண்டியில் ஏற்றும்போது மகள் ஒரு மர ஸ்டூலையும் தூக்கிப் போட்டாளாம். “இதுவும் எடுத்துட்டுப் போங்க. காசு வேண்டாம்.” மூன்று கால். உட்காருமிடம் பல வருஷம் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று குழிந்திருந்தது. அண்ணன் அதைப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு வாங்கிப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. வந்தவர்களும் பாராட்டத்தான் வந்தார்கள். அண்ணி இரண்டாவது ஷிப்ட்டுக்கு மாறியிருந்த நேரம் அது. அவள் இல்லாமல், அவள் ‘போதும்’ இல்லாமல், நாதம் தெளிந்துகொண்டே போனது.

கேட்டில் நின்றவள் யாரை நினைத்தாள் என்று நினைக்கிறீர்கள்? கிட்டார்க்காரியைத்தான். புதிதாக ஆம்ப்ளிஃபயர் கேட்டு ஒரு பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். சின்ன வயசு. அண்ணனை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவாள். எறும்பு நடந்தால்கூடக் கேட்கும் காது. ‘மாஸ்டராம் மாஸ்டர்… லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போடற ஆளு’ என்று அண்ணி மனசுக்குள் கடித்துக்கொள்வாள்.

கொண்டியைத் திறந்தாள். கிறீச். பேச்சு நின்றது. நேராகப் பின்பக்க அறைக்குப் போனாள்.

அண்ணன் மட்டும்தான். பெட்டி மேல் குனிந்திருந்தார். கிட்டார் அவர் மடியில்.

“யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?”

“யார்கூட? எனக்கு நானேதான்.”

“சரி சரின்னு சொன்னீங்களே.”

“எனக்கு நானே சரின்னு சொல்லிக்கக் கூடாதா? வீட்டுல வேற யாரு சொல்றா?” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சூடான மெழுகு வாடை, பற்றவைத்த ஈய வாடை… இரண்டும் பழகியவை. அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று. கிராம்பு. யாரோ வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசினால் வருமே, அந்த வாசனை. அந்தப் பெண்ணுக்குப் பல்வலியோ? இத்தனை நேரம் இங்கே இருந்துவிட்டுப் பின் கதவு வழியாகப் போனாளோ? பின் கதவில் உள்தாழ் போட்டிருந்தது. போட்டது போட்டபடி இருந்தது.

அண்ணன் கிட்டாரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். ஆம்ப்ளிஃபயரில் இன்னும் மின்சாரம் ஓடியது. சில வால்வுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் தட்டினால், நகர்த்தினால், அதைப் பிடித்து ஸ்பீக்கரில் சொல்லிவிடும். காது முளைத்த வால்வு என்பார் அண்ணன். அவர் முகம் கழுவப் போனதும், ஸ்பீக்கர் சொன்னது.

…கிர்க்.

மரம் முனகுகிற சத்தம். ஒருவர் உட்கார்ந்தபடி எடையை மாற்றினால் வருகிற சத்தம். அண்ணி நின்றுகொண்டிருந்தாள். ஸ்டூலில் யாருமில்லை.

பயந்தாளா? பயந்திருக்க வேண்டும். “அதுதான் அண்ணி” என்றாள் நாத்தனார். பயத்துக்கு முந்திக்கொண்டு வேறொன்று வந்துவிட்டது. என் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், அண்ணி ஸ்டூலின் எதிரே போய் நின்றாள். உள்ளங்கையால் தொட்டாள். குழிவு வெதுவெதுப்பாக இருந்தது. அந்த அறைக்கு வெயில் வராது.

உட்கார்ந்தாள்.

…எல்லாம் திரும்பி வந்தது. எதிர்வீட்டுக் குழாயின் சொட்டு. சுவர்க்கடிகாரத்தின் முள்ளுக்குள் இருக்கிற முள். தன் காதோர மயிர் தோளில் உரசுகிற சத்தம். கைக்கடிகாரம் பீப் என்றது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தொலைந்த நகையை யாரோ கழுத்தில் மாட்டிவிட்டது போல… ஆனால் மாட்டிவிட்ட கை யாருடையது? எழுந்தாள். எல்லாம் போய்விட்டது. உட்கார்ந்தாள். வந்தது.

அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? பகல் ஷிப்ட்டுக்கு எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டாள். மாறிய அன்று மாலையே பிளாஸ்டிக் நாற்காலியை மடக்கி மூலையில் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“கண்ணாடி… இன்னும் கண்ணாடிதான். அதைக் கழட்டுங்க. ம்… இப்ப ஈரத்துணி. பழையதுக்கும் இதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கா?”

அண்ணன் மாட்டினார். தந்தியைத் தட்டினார். நாதம் எழுந்து அறை நடுவில் ஒரு விளக்கு மாதிரி நின்றது.

“போதும்.”

அவர் திரும்பி அவளையே பார்த்தார். “மேல்மாடிக்கு ஆள் வந்தாச்சு போல” என்றார் மெதுவாக.

தெரிந்திருக்கிறது. அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் பொய்யாகச் சொன்ன ஒவ்வொரு ‘போதும்’க்கும் கையை எடுத்திருக்கிறார். அண்ணிக்கு அது அன்பாகவும் பட்டது, அவமானமாகவும் பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஸ்டூலில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. கிட்டார்க்காரியின் ஆம்ப்ளிஃபயர் முடிகிற நிலைக்கு வந்தது. அதற்குள்ளே வைத்தது அந்தப் பழைய மெக்கானிக் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்.

ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக்கின் மகள் வந்தாள். வால்வுப் பெட்டிக்குள் அப்பாவின் மூக்குக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்க்க வந்தாளாம். இருந்தது. எடுத்துக் கொடுக்க அண்ணி எழுந்தாள். அப்போதுதான் மகள் ஸ்டூலைப் பார்த்தாள்.

“இதுல நீங்களா உட்காருறீங்க?”

“ஏம்மா?”

அந்தப் பெண் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “எங்க அம்மாவோடது. அப்பா வேலை பார்ப்பாரு, அம்மா அதுல உட்கார்ந்து கேட்டுச் சொல்லுவாங்க. வாயில எப்பவும் ஒரு கிராம்பு. கடைசியா ஒரு பாட்டுக்காரம்மாவுக்கு ஆம்ப்ளிஃபயர் பண்ணிட்டிருந்தாரு. அம்மாவுக்கு அது பிடிக்கல. அந்தப் பாட்டுக்காரம்மா வந்தா அம்மா எழுந்துகூடப் போக மாட்டாங்க, அப்படியே உட்கார்ந்திருப்பாங்க.” மூக்குக் கண்ணாடியை மடக்கினாள். “அப்பா வாழ்க்கை பூரா ஒத்தைக் கையாலதான் வேலை பார்த்தவர். அன்னிக்கு ரெண்டு கையும் உள்ள இருந்துச்சு. நாங்க ஓடி வந்தப்பவும் அம்மா இதுலயேதான் உட்கார்ந்திருந்தாங்க. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, ‘போதுமான்னு கேட்டார். இன்னும் கொஞ்சம்னு சொன்னேன்’னாங்க. வேற ஒண்ணுமே சொல்லல. அந்த வருஷமே அவங்களும் போயிட்டாங்க.”

“அப்ப இதை நீயே எடுத்துட்டுப் போயேன்மா.”

“ஐயோ, எங்க வீட்டுக்கு வேண்டாம்” என்று வாசலுக்கு இறங்கிவிட்டாள்.

அன்று மாலை ஸ்டூலில் உட்காரக் கூடாது என்றுதான் அண்ணி நினைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை விரித்தும் வைத்தாள். கிட்டார்க்காரி வந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிட்டாரை மாட்டினாள். வாசித்தாள். அண்ணன் சிரித்தார். அவள் ஏதோ சொன்னாள், அது அண்ணிக்குப் பாதிதான் கேட்டது. அண்ணன் மறுபடியும் சிரித்தார். பாதிதான் கேட்கிற இடத்தில் எப்படி இருக்க முடியும்? அண்ணி எழுந்து ஸ்டூலுக்கு மாறினாள். குழிவு வெதுவெதுப்பாகவே இருந்தது.

இப்போது எல்லாம் கேட்டது. “மாஸ்டர், இந்த இடம் பாருங்க, பட்டு மாதிரி வருது.” பட்டு. புது வார்த்தை. அகராதியில் அவளில்லாமல் ஒரு வார்த்தை.

“ஆமா, பட்டுதான்” என்றார் அண்ணன். அண்ணியின் பக்கம் திரும்பவில்லை.

வலது கையில் கிளிப். இடது கை பாக்கெட்டில். அவர் குனிந்திருந்தார். வால்வுகளுக்குள்ளே தணல் பொரிகிற மெல்லிய சத்தம். பாக்கெட் துணியில் அவர் விரல்கள் உரசுகிற சத்தம். அப்புறம்… வலது காதுக்குப் பின்னால், கிராம்பு வாசனை.

“சொல்லு.”

கம்பி இழை மாதிரி ஒரு குரல். கேட்டுக்கு வெளியே நின்ற அன்று அவளுக்கு எட்டாமல் போன குரல். இவ்வளவு மெல்லிசான குரலா?

“இன்னும் கொஞ்சம்னு சொல்லு.”

“சனியன் பிடிச்ச கிளிப் நிக்க மாட்டேங்குது” என்றார் அண்ணன், குனிந்தபடியே. “இதுக்கு மேல குறைக்கணும்னா, அந்தப் பக்கத்தை இன்னொரு கையாலதான் பிடிக்கணும். என்ன சொல்றே? போதுமா, இன்னும் கொஞ்சமா?”

பாக்கெட்டின் பொத்தான் துளையிலிருந்து நழுவியது. அந்தச் சத்தம்கூட அண்ணிக்குக் கேட்டது. அவளே தைத்த பொத்தான்.

அவளுக்கு எல்லாம் தெரியும். எந்தப் பதிலுக்கு எது நடக்கும் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தும் ஒரு கணம்… ஒரே ஒரு கணம், அந்தப் பெண்ணின் கிட்டார் இனி இந்த அறையில் கேட்காது, பட்டு என்ற சொல்லை இனி யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற நினைப்பு, வெயில் நேரத்து மோர் மாதிரிக் குளுகுளுவென்று உள்ளே இறங்கியது. அந்த ஆசை பின்னால் நிற்பவளுடையதா, தன்னுடையதா? குரலைக் காதால் பிரித்துவிடலாம். ஆசையை எதைக்கொண்டு பிரிப்பது?

உதடு பிரிந்தது. “இன்…”

அவள் எழுந்துவிட்டாள். எழுந்ததும் உலகத்தின் மேல் ஈரத்துணி விழுந்தது. தணல் சத்தம் போனது, துணி சத்தம் போனது. தன் குரலே தூரத்திலிருந்து கேட்டது.

“போதும்.”

அண்ணனின் இரண்டு கைகளும் பின்வாங்கின. எத்தனையோ வருஷப் பழக்கம். இடது கை பெட்டியின் விளிம்பை விட்டு எழும்போது, விரல் நுனியில் வியர்வை மினுங்கியது. அண்ணி போய் சுவர் சுவிட்சை அணைத்தாள். வால்வுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

கிட்டார்க்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அக்கா, முதல்ல இன்னும் கொஞ்சம்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் போதும்னீங்க?”

“நான் ‘இன்’னுதானே இழுத்தேன்… முழுசா சொல்லலையேம்மா.”

“சொன்னீங்களே அக்கா. ரெண்டு தடவை. எழுந்து நின்ன அப்புறம்கூட ஒரு தடவை சொன்னீங்க.”

கட்டிலில் எங்களில் ஒருத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாத்தனார் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் அண்ணி ஸ்டூலைப் பழைய சாமான்காரனிடம் போட்டாள். அதற்கு அடுத்த நாள் காலையிலேயே அவன் கொண்டு வந்து வாசலில் வைத்தான். “இது நமக்கு வேண்டாம்மா. நீங்களே வெச்சுக்குங்க.” ஏன் என்று அண்ணி கேட்டாள். சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே போய்விட்டான். அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தாள். தெருவில் வைத்தால் யாராவது எடுத்துப் போவார்கள். எடுத்துப் போகிற வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். அவளுக்கும் ஏதோ ஒன்று பாதி கேட்காமல் இருக்கும்… ஸ்டூலை அண்ணியே உள்ளே தூக்கிக்கொண்டு போய், இருந்த இடத்திலேயே போட்டாள்.

அன்றைக்கே அண்ணனின் எல்லாக் கால்சட்டைகளிலும் இடது பாக்கெட்டுக்கு இன்னொரு பொத்தான் வைத்தாள். “என்ன, என்னை ஜெயில்ல போடறியா?” என்றார் அவர். “ஆமா” என்றாள். காதைப் பற்றியும் அவளே சொல்லிவிட்டாள். அவர், “தெரியும்மா” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அந்த வீட்டில் காது கிட்டார்க்காரியுடையது. மாலையில் வருவாள், மணல் என்பாள், பட்டு என்பாள். அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்டூலுக்கும் அண்ணனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்திருப்பாள். சத்தத்தைக் கேட்பதில்லை. இடது பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அப்ப பொறாமை போயிடுச்சா?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

“அது எங்கடி போகும்?” என்றாள் நாத்தனார். “அது பாட்டுக்கு இருக்கு. அண்ணி அதையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு, அதோட வாய்க்குப் பதில் சொல்லாம இருக்கா. அவ்வளவுதான்.”

போன மாதம் நாத்தனார் அங்கே போயிருந்தாளாம். அந்த அறையில் அவளும் இருந்தாள். கிட்டார்க்காரி வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க நடுவுல உட்கார்ந்தா மாஸ்டர் கை தெரிய மாட்டேங்குது. அந்த ஸ்டூல் காலியாத்தானே இருக்கு. அதுல உட்காருங்களேன்.”

கிட்டாரை யாரும் தொடவில்லை. ஆனால் ஸ்பீக்கர் மெதுவாக, …கிர்க், என்றது. ஒருவர் சற்று நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டால் வருகிற சத்தம்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்வை இடது பாக்கெட்டிலேயே இருந்தது.

“பரவாயில்லம்மா… நான் இங்கயே இருந்துக்கறேன்.”